தம் கட்டிய கிணறுகள்: திண்டுக்கல் சமவெளியின் நீச்சல்

ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரால் வழங்கும் பேகம்பூரும் அதைச் சூழ்ந்த திண்டுக்கல் சமவெளியும் பேராற்றுப் பாசனம் இல்லாத வறண்ட பகுதியாதலால், அங்கு வேளாண்மையைப் போலவே நீச்சலும் கிணற்றை நம்பியே வளர்ந்தது. அகலம் குறைந்து ஆழம் மிகுந்த பாசனக் கிணற்றில் நெடுந்தொலைவு நீந்துவதற்கு இடமில்லை. மேட்டிலிருந்து குதிப்பதும், அடிவரை முங்கி மண் அள்ளி வருவதும், மேலே வந்து படியை எட்டிப் பிடிப்பதுமே திறமையாக மதிக்கப்பட்டன. ஆழ்ந்த மடுவில் பாய்ந்து மணலெடுத்துக் காட்டிய இளமையை முதுமையில் எண்ணி இரங்கும் தொடித்தலை விழுத்தண்டினாரின் புறநானூற்றுப் பாடல், இந்த மதிப்பீட்டின் பழமைக்குச் சான்று.

கற்பவரின் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டியோ, இடுப்பில் கயிற்றைக் கட்டி ஒருவர் மேலே நின்று பிடித்தோ பழக்குவது வழக்கம். இரண்டிலும் தலை நீருக்கு மேலேயே நின்றது. காற்று நிறைந்த நுரையீரல் மார்பை மிதக்கச் செய்ய, கனமான கால்கள் தாழ்வது உடலின் இயல்பு. தலையைத் தூக்கினால் கால்கள் இன்னும் தாழ்ந்து, உடல் சாய்ந்து, நீரின் தடை கூடும். ஆனால் குறுக்கே 30 அடி உள்ள கிணற்றில் இந்த இழப்பு பெரிதல்ல. மேலிருந்து குதிப்பவரையும், நீரிறைக்கும் கவலையில் இறங்கும் சால் வாளியையும், பிற்காலத்தில் மோட்டார்க் குழாயையும் பார்த்துக்கொண்டே நீந்துவதுதான் அங்கு உயிர்க்காப்பு. எனவே தலை நிமிர்ந்த நீச்சலை அறியாமை என்று தள்ளுவது பொருந்தாது. 1875இல் மாத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயை 21 மணி 45 நிமிடத்தில் கடந்ததும், தவளையைப் போலக் கைகால் விரிக்கும் மார்பு நீச்சலில்தான்.

முகத்தை நீரில் அமிழ்த்திக் கைகளை மாறிமாறி வீசும் முறையும் ஐரோப்பாவின் பழஞ்சொத்து அன்று. 1844இல் லண்டனில் வட அமெரிக்கப் பழங்குடியினர் இருவர் கைவீச்சு நீச்சலைக் காட்டியபோது, அது நாகரிகமற்ற ஆர்ப்பாட்டமாகவே அங்குப் பார்க்கப்பட்டது. தென் அமெரிக்காவில் அதைக் கற்ற ஆங்கிலேய நீச்சல் வீரர் டிரட்ஜன் 1873இல் லண்டன் போட்டியில் காட்டினார். ஆயினும் அவர் தலை நிமிர்ந்தே இருந்தது. சாலமன் தீவுகளைச் சேர்ந்த அலிக் விக்கமின் நீச்சலைச் சிட்னி நகரம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட பிறகே இன்றைய வடிவம் உருவாகத் தொடங்கியது.

கிணற்று நீச்சலும் இந்தக் கைவீச்சு நீச்சலும் உண்மையில் பிரிவது மூச்சில்தான். கிணற்றில் முங்குபவர் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துத் ‘தம் கட்டுவார்’. ஓரிரு முங்கலுக்கு அது போதும். நீச்சல் குளத்தில் 50 மீட்டரைத் திரும்பத் திரும்பக் கடப்பவருக்கோ அதுவே பகை, ஏனெனில் மூச்சு முட்டுவது முதன்மையாகப் பிராணவாயு குறைவதால் அன்று, வெளியேறாத கரியமில வாயு இரத்தத்தில் சேர்வதால். ஆகவே அவர் முகம் நீருக்குள் இருக்கும்போதே காற்றைச் சீராக வெளியே விட்டு, தோளோடு உடல் புரளும் கணத்தில் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, தலை கிழித்த அலையின் பள்ளத்தில் வாய் திறந்து, ஒரு கண் நீரிலேயே இருக்க, அடுத்த மூச்சை இழுக்கிறார். தலையைத் தூக்குவதில்லை என்பதால் கால்களும் தாழ்வதில்லை.

தம் கட்டக் கற்பித்த கிணறுகள் நிறைந்த பேகம்பூர் வட்டாரம் தோல் பதனிடும் தொழிலுக்கும் பெயர்பெற்றது. ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட காலம் போய்க் குரோமிய உப்பு வந்தபின், தோலில் ஏற்றிய உப்போடு அதுவும் கழிவுநீரில் கலந்து நிலத்தடியில் இறங்கியது. தோல் பதனிடும் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 ஊர்களில் எடுத்த கணக்கெடுப்பின்படி 467 கிணறுகளில் 350 மாசுபட்டிருந்ததைக் குறிப்பிடுகிறது. குடிநீரும் பயிரும் கெட்டதே அந்த வழக்கில் பேசப்பட்டது, அதுவே முறையும்கூட. அந்தக் கிணறுகளோடு பிள்ளைகளின் நீச்சல் பள்ளியும் மூடப்பட்டதை எந்த வழக்கும் கேட்கவில்லை. கெடாத கிணறுகளிலும் நீர்மட்டம் இறங்க, இறங்கி நீந்த முடியாத ஆழ்துளைக் கிணறுகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

நகரத்து நீச்சல் குளத்தில் இன்று பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தரப்படுவது நீருக்குள் குமிழி விடுவது. கிணற்றில் கற்றுத் தேர்ந்த பெரியவர் அங்கு வந்தால், கட்டிய தம்மை விடப் பழகுவதே அவருக்கு முதல் பாடமாகிறது.