உடற்பருமன் அறுவைக்குப் பின் கால்சியமும் வைட்டமின் டியும்: தேர்வின் அளவுகோல் எது?

முன்னுரை

உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையிலும் சிறுகுடலிலும் செய்யப்படும் அறுவைகள் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தணிப்பதில் பெரும்பயன் தந்துவரினும், உடல் நுண்சத்துகளை ஈர்த்துக்கொள்ளும் வழிகளையே அவை மாற்றியமைத்து விடுவதால், அறுவை செய்துகொண்டவர் வாழ்நாள் முழுவதும் துணைச்சத்து மாத்திரைகளை உட்கொள்ள வேண்டியவராகிறார். அவற்றுள் கால்சியமும் வைட்டமின் டியும் தனிக் கவனத்துக்கு உரியவை. ஏனெனில் இரும்புச் சத்துக் குறையும்போது சோர்வும் இரத்தசோகையும் தோன்றி நோயாளியை மருத்துவரிடம் கொண்டுவந்து சேர்க்கின்றன, கால்சியக் குறைபாடோ எலும்பு முறியும் வரை பெரும்பாலும் வெளித்தெரிவதில்லை. எந்தக் கால்சியம் மாத்திரை ஏற்றது என்ற வினாவுக்குக் 'கால்சியம் சிட்ரேட்' என்பதே வழக்கமான விடையாகச் சொல்லப்படுகிறது. அவ்விடை தவறன்று, எனினும் முழுமையானதும் அன்று. அறுவையின் வகை, மாத்திரையில் அடங்கிய தனிமக் கால்சியத்தின் அளவு, அதனை வேளைகளாகப் பகிரும் முறை, வைட்டமின் டியின் இருப்பு, பாராதைராய்டு ஹார்மோனின் அளவு ஆகிய ஐந்தும் சேர்ந்தே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும் என்பதும், இவற்றுள் இறுதியாகச் சொல்லப்பட்டதே ஏனைய நான்கும் சரியாக அமைந்தனவா என்று காட்டும் உரைகல் என்பதும் இக்கட்டுரை நிறுவ முனையும் கருத்துகள்.

அறுவையால் மாறும் ஈர்ப்பு வழி

உணவிலுள்ள கால்சியம் குடற்சுவரை இரு வழிகளில் கடக்கிறது. இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலிலும் அதனைத் தொடரும் நடுச்சிறுகுடலின் தொடக்கத்திலும், வைட்டமின் டியின் செயலூக்க வடிவம் தூண்டும் புரதங்கள் கால்சியத்தைச் செல்லுக்குள் இழுத்து மறுபுறம் சேர்க்கின்றன. இது செயலூக்க ஈர்ப்பு. குடலின் எஞ்சிய நீளம் முழுவதும், செல்களுக்கு இடையிலுள்ள இடுக்குகள் வழியே கால்சியம் செறிவு வேறுபாட்டால் தானாகக் கசிந்து செல்கிறது; இது செயலற்ற ஈர்ப்பு. உட்கொள்ளும் அளவு குறைவாக இருக்கும்போது முதல் வழியே பெரும்பங்கு வகிப்பதால், அவ்வழி அமைந்துள்ள குடற்பகுதியை உணவுப் பாதையிலிருந்து விலக்குவது கால்சியச் சமநிலையை நேரடியாகத் தாக்குகிறது.

இரைப்பை பைபாஸ் அறுவையில் ஏறத்தாழ 30 மி.லி. கொள்ளும் சிறு பை மட்டுமே உணவை ஏற்குமாறு அமைக்கப்பட்டு, அது நேரே நடுச்சிறுகுடலுடன் இணைக்கப்படுகிறது. அமிலம் சுரக்கும் இரைப்பையின் பெரும்பகுதியும் முன்சிறுகுடலும் உணவுப் பாதைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்கு அளவு நீக்கப்பட்டாலும் குடற்பாதை மாறுவதில்லை. ஆகவே அமிலம் குறையினும் ஈர்ப்பு இடம் கைவிட்டுப் போவதில்லை. டியோடினல் ஸ்விட்ச் எனப்படும் மூன்றாம் வகையில் சிறுகுடலின் பெரும்பகுதி விலக்கப்படுவதோடு, உணவு பித்தநீரோடும் கணையநீரோடும் கலக்கும் தொலைவும் குறுகிவிடுவதால், கொழுப்பும் கொழுப்பில் கரையும் வைட்டமின் டியும் சேர்ந்தே வீணாகின்றன. ஒரே மாத்திரையை இம்மூவருக்கும் ஒரே அளவில் பரிந்துரைப்பது பொருந்தாது என்பது இதனாலேயே பெறப்படும்.

இம்மாற்றத்தின் அளவை 2015இல் சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஆன் ஷேஃபர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. பைபாஸுக்கு முன் உட்கொண்ட கால்சியத்தில் சராசரியாக 32.7 விழுக்காட்டை ஈர்த்த உடல், அறுவைக்கு ஆறு மாதங்களுக்குப் பின் 6.9 விழுக்காட்டை மட்டுமே ஈர்த்தது. நோயாளிகளுக்கு வைட்டமின் டி போதிய அளவில் பேணப்பட்டிருந்தது, கால்சியமும் சிட்ரேட் வடிவிலேயே தரப்பட்டது என்பவை இங்கு அடிக்கோடிடத் தக்கவை. சரியான உப்பும் போதிய வைட்டமினும் இருந்த நிலையிலும் ஈர்ப்பு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியதெனில், 'சிட்ரேட் எடுத்துக்கொள்கிறேன், எனவே அச்சமில்லை' என்னும் நோயாளியின் நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

சிட்ரேட்டா, கார்பனேட்டா?

கால்சியம் கார்பனேட் நீரில் எளிதில் கரையாதது. இரைப்பை அமிலத்தோடு வினைபுரிந்தே கால்சியத்தை விடுவிக்கிறது. சிட்ரேட் அந்த அளவுக்கு அமிலத்தை நாடுவதில்லை. இவ்வேறுபாட்டின் விளைவை 1985இல் ராபர்ட் ரெக்கர் ஆராய்ந்தார்: அமிலமே சுரக்காத நிலையிலுள்ளவர்கள் வெறும் வயிற்றில் கார்பனேட்டை உட்கொண்டபோது ஏறத்தாழ 4 விழுக்காடே ஈர்க்கப்பட்டது, அதே கார்பனேட்டை உணவோடு உட்கொண்டபோது ஈர்ப்பு இயல்பு நிலைக்குத் திரும்பியது. 1999இல் சிட்ரேட்டே மேலானது என்று தொகுப்பாய்வு ஒன்று முடிவுகட்ட, உணவோடு உட்கொண்டால் இரண்டும் ஏறத்தாழச் சமமே என்று அதே ஆண்டில் ராபர்ட் ஹீனி குழுவினர் காட்டினர்.

'உணவோடு எடுத்தால் கார்பனேட்டே போதும்' என்போர் இவற்றையே சான்றாகக் கொள்வர். ஆயினும் இச்சான்றுகள் யாரிடமிருந்து பெறப்பட்டவை என்பதை நோக்க வேண்டும். ரெக்கரின் ஆய்வில் அமிலம் இல்லாதிருந்ததேயன்றி முன்சிறுகுடல் உணவுப் பாதையில் இருந்தது. பைபாஸ் நோயாளிக்கோ அமிலம், முன்சிறுகுடல் ஆகிய இரண்டுமே உணவுப் பாதையில் இல்லை, ஒரு வேளை உணவின் அளவும் மிகச் சிறிது. மேலும், குடல் இணைப்பில் புண் தோன்றாதிருக்க அமிலச் சுரப்பைத் தடுக்கும் மருந்துகள் அறுவையைத் தொடர்ந்து சில மாதங்கள் தரப்படுவது வழக்கமாதலால், எஞ்சிய சிறிது அமிலமும் அடங்கிவிடுகிறது. பைபாஸ் நோயாளிகளிடமே இரு உப்புகளையும் ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், சிட்ரேட் இரத்தக் கால்சியத்தைக் கூடுதலாக உயர்த்தியதோடு பாராதைராய்டு ஹார்மோனைக் கூடுதலாகத் தாழ்த்தவும் செய்தது. அது ஒற்றை வேளை அளவைக் கொண்டு செய்த சிறு ஆய்வே என்பதால், பல்லாண்டுக்கால எலும்பு வலிமையைப் பற்றி அதிலிருந்து முடிவு கூற இயலாது. எனினும் உடலியக்க விளக்கமும் கிடைத்துள்ள நேரடிச் சான்றும் ஒரே திசையைக் காட்டுவதால், பைபாஸுக்கும் டியோடினல் ஸ்விட்ச்சுக்கும் சிட்ரேட்டை முதல் தேர்வாகக் கொள்வது நேரிய முடிவு. ஸ்லீவ் நோயாளி அமிலத் தடுப்பு மருந்தை நிறுத்திவிட்டவராக இருந்தால், உணவோடு கார்பனேட் எடுத்துக்கொள்வது ஏற்கத்தக்க மாற்று.

சிப்பி ஓடு, பவளம் ஆகியவற்றிலிருந்து பெறப்படுவன என்று விற்கப்படும் 'இயற்கைக் கால்சியம்' வேதியியல் நோக்கில் கார்பனேட்டே ஆதலால், அதனைத் தனி வகையாகக் கருத வேண்டியதில்லை.

அட்டையிலுள்ள எண்ணும் உண்மை அளவும்

உப்பின் எடை வேறு, அதில் அடங்கிய தனிமக் கால்சியத்தின் எடை வேறு. கார்பனேட்டின் எடையில் 40 விழுக்காடும் சிட்ரேட்டின் எடையில் 21 விழுக்காடுமே கால்சியம். எனவே 1250 மி.கி. கார்பனேட் மாத்திரை 500 மி.கி. கால்சியத்தைத் தர, 1000 மி.கி. சிட்ரேட் மாத்திரை 210 மி.கி. மட்டுமே தருகிறது. அமெரிக்க வளர்சிதைமாற்ற, உடற்பருமன் அறுவைச் சங்கம் 2016இல் புதுப்பித்த நெறிமுறை, பைபாஸுக்கும் ஸ்லீவுக்கும் நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மி.கி. வரையும், டியோடினல் ஸ்விட்ச்சுக்கு 1800 முதல் 2400 மி.கி. வரையும் கால்சியம் தேவை என வரையறுக்கிறது. இவை தனிமக் கால்சியத்தின் அளவுகள். இத்தேவை முழுவதையும் மாத்திரையிலிருந்தே பெறுவதானால் 1200 மி.கி.க்கு மேற்கூறிய சிட்ரேட் மாத்திரைகள் ஆறு வேண்டும். அட்டையில் '1000' என்னும் எண்ணைக் கண்டு ஒன்றோடு நிறுத்திக்கொள்பவர் தேவையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. கார்பனேட்டை உணவோடு முறையாக எடுத்துக்கொள்பவர், சிட்ரேட்டைக் குறையளவில் எடுத்துக்கொள்பவரைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும் என்னும் முரண் இக்கணக்கிலிருந்தே பிறக்கிறது.

ஒரே வேளையில் எடுக்கும் அளவு கூடக்கூட ஈர்க்கப்படும் விகிதம் குறைவதால், ஒரு வேளைக்கு 500 முதல் 600 மி.கி.க்கு மேற்படாமல் பகிர்ந்து உட்கொள்ள வேண்டும். கால்சியம் இரும்பின் ஈர்ப்பைத் தடுப்பதால் அவ்விரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமும், தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே நான்கு மணி நேரமும் இடைவெளி தேவை. சிட்ரேட்டை எந்நேரமும் உட்கொள்ளலாம் எனினும், பைபாஸ் நோயாளி அதனையும் உணவோடு எடுத்துக்கொள்வதற்குத் தனிக் காரணம் உண்டு. சரியாகச் செரிக்காத கொழுப்பு குடலிலுள்ள கால்சியத்தைப் பற்றிக்கொள்வதால், கீரை, முந்திரி முதலியவற்றிலுள்ள ஆக்சலேட் தன்னைப் பிணைக்கக் கால்சியமின்றி இரத்தத்தில் கலந்து சிறுநீரகக் கல்லாகப் படிய வாய்ப்புண்டு. உணவோடு வரும் கால்சியம் அந்த ஆக்சலேட்டைக் குடலிலேயே கட்டிவைக்க, சிறுநீரில் சேரும் சிட்ரேட் கல் உருவாவதைத் தடுக்கிறது. கல்லுக்கு அஞ்சிக் கால்சியத்தைக் கைவிடுவோர் தம் நோக்கத்துக்கு எதிரானதையே செய்கின்றனர்.

வைட்டமின் டி: சேமிப்பும் செயலூக்கமும்

வைட்டமின் டி கல்லீரலில் 25-ஹைட்ராக்சி வடிவமாகவும், பின்னர் சிறுநீரகத்தில் செயலூக்க வடிவமான கால்சிட்ரியாலாகவும் மாறுகிறது. இரத்தப் பரிசோதனையில் அளக்கப்படும் முதல் வடிவமே உடலின் சேமிப்பைக் காட்டுவது. உடற்பருமன் உடையவர்களிடம் இச்சேமிப்பு அறுவைக்கு முன்பே குறைந்திருப்பது வழக்கம். கொழுப்புத் திசுவில் வைட்டமின் பரவித் தங்கிவிடுவது இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே குறையை அறுவைக்கு முன்பே கண்டறிந்து ஈடுசெய்வது அறிவுடைமை.

மேற்குறித்த நெறிமுறை, 25-ஹைட்ராக்சி அளவு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமைக் கடக்கும் வரை நாளொன்றுக்கு 3000 அலகு டி3 பரிந்துரைக்கிறது. இந்தியக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் கால்சியம் மாத்திரைகளில் 250 அலகு டி3 சேர்க்கப்பட்டிருப்பது உண்டு. அத்தகைய மாத்திரை மூன்று எடுத்தாலும் தேவையில் கால்பங்கே நிறைவதால், 'கால்சியத்திலேயே டி இருக்கிறது' என்று தனி வைட்டமினைத் தவிர்ப்பது பிழை. மறுபுறம், வாரம் ஒருமுறை உட்கொள்ளும் 60,000 அலகு நாளொன்றுக்குச் சராசரி 8500 அலகுக்கு மேல் ஆவதால், குறையை ஈடுசெய்யும் காலத்துக்கு அது பொருந்துமேயன்றி, பரிசோதனையின்றி ஆண்டுக்கணக்கில் தொடரத் தக்கதன்று. பேரளவுகளை நெடிய இடைவெளியில் தருவது நன்மைக்கு மாறாகவும் முடியலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு சான்று: ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 அலகு பெற்ற முதிய பெண்களிடம் விழுதலும் எலும்பு முறிவும் குறையாமல் கூடின. செயலூக்க வடிவமான கால்சிட்ரியாலை வழக்கமான துணைச்சத்தாகத் தருவதும் ஏற்புடையதன்று. அது சேமிப்பை நிரப்புவதில்லை, இரத்தக் கால்சியத்தை அளவுமீறி உயர்த்தும் இடர் கொண்டது.

உரைகல்: பாராதைராய்டு ஹார்மோன்

குடலிலிருந்து கால்சியம் போதிய அளவு வராதபோது பாராதைராய்டு சுரப்பிகள் தம் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, எலும்பைக் கரைத்தும் சிறுநீரில் வெளியேறும் கால்சியத்தை மீட்டும் இரத்த அளவைச் சமன்செய்கின்றன. ஆகவே 'இரத்தக் கால்சியம் இயல்பு' என்னும் அறிக்கை எலும்பு நலமாக உள்ளது என்று பொருள்படாது. எலும்பு விலைகொடுத்துக்கொண்டிருக்கிறது என்றும் பொருள்படலாம். 25-ஹைட்ராக்சி அளவு தாழ்ந்தும் ஹார்மோன் உயர்ந்தும் இருந்தால் வைட்டமின் டியைக் கூட்ட வேண்டும். 25-ஹைட்ராக்சி போதுமானதாக இருந்தும் ஹார்மோன் உயர்ந்தே நின்றால், சிறுநீரகச் செயற்பாடும் மெக்னீசியமும் சரியாக உள்ளனவா என்று உறுதிசெய்தபின், கால்சியத்தின் அளவையோ உப்பையோ வேளையையோ திருத்த வேண்டும். மாத்திரையின் தகுதி இவ்வாறு விளைவைக் கொண்டு அளக்கப்படும்போது, சிட்ரேட், கார்பனேட் என்னும் வாதம் கொள்கை வாதமாக இல்லாமல் ஒவ்வொரு நோயாளிக்கும் விடைகாணக் கூடிய வினாவாகிறது.

அறுவைக்குப் பின் எலும்பு தேய்வதற்கு உடல் எடையின் தாங்குசுமை குறைவதும் தசை இழப்பும் காரணங்களாதலால், மாத்திரை மட்டும் அதனைத் தடுத்துவிடாது. வியன்னாவில் மூஷிட்ஸ் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் வைட்டமின் டி, கால்சியம் சிட்ரேட், புரதம், உடற்பயிற்சி ஆகிய நான்கும் சேர்ந்து எலும்புத் தேய்வைக் குறைத்தன. அவை அதனை முற்றிலும் நிறுத்திவிடவில்லை.

முடிவுரை

சிட்ரேட்டின் மேன்மை குடற்பாதை மாற்றப்பட்டவர்களுக்கு நியாயமான முதல் தேர்வு என்னும் அளவிலேயே நிறுவப்பட்டுள்ளது. விலையும் மாத்திரைகளின் எண்ணிக்கையும் தடையாகி ஓரிரு மாதங்களில் அதனைக் கைவிடும் நோயாளிக்கு, உணவோடு மூவேளை எடுக்கும் கார்பனேட்டே பயன் தரும். ஆனால் அம்மாற்றம் பாராதைராய்டு ஹார்மோன் பரிசோதனையால் சரிபார்க்கப்பட வேண்டும். எனவே, மருத்துவமனைகள் வீடு திரும்பும் நோயாளிக்குத் தரும் சீட்டில் மாத்திரையின் பெயரை மட்டும் எழுதாமல், தனிமக் கால்சியத்தின் நாளளவு, வேளைகள், இரும்பிலிருந்து விட வேண்டிய இடைவெளி, 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் ஆகிய இரண்டையும் மீண்டும் பரிசோதிக்க வேண்டிய மாதம் ஆகியவற்றையும் எழுதித் தருவதை வழக்கமாக்குதல் வேண்டும்.