கோப்பிக்குப் பிடித்த சனி

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் கதை சொல்லும் முதியவர் ஒருவர் இருந்தார். கோப்பிக் காலத்தைக் கண்டவரல்லர். பாட்டனார் சொல்லக் கேட்டவர். "கோப்பிக்கு ஏழரை பிடிச்சிச்சு, தொரைமாரெல்லாம் கப்பலேறிட்டாங்க" என்பதோடு அவருடைய சரித்திரம் முடிந்துவிடும். அந்தச் சனி முதன்முதலில் எங்கே வந்து அமர்ந்தது என்று பிற்காலத்தில் படித்தபோது எனக்குத் திகைப்பாக இருந்தது. வேறெங்குமல்ல, எங்கள் பசறைக்கு அடுத்த மடுல்சீமையில்!

1869ஆம் ஆண்டு அங்குள்ள கோப்பிச் செடிகளின் இலைக்கு அடியில் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் அதிபர் துவெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி, புறூம் என்னும் இருவர் அது இதுவரை அறியப்படாத பூஞ்சணம் என்று கண்டு, 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டனர். பின்பாதிச் சொல்லுக்குப் பாழாக்குபவள் என்பது பொருள். துரைமார் அதை 'டெவஸ்டேட்டிங் எமிலி' என்று வேடிக்கையாக அழைத்தார்கள். வேடிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை.

சோதிடத்தில் சனி இராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ முப்பது ஆண்டு. ஒரு வீட்டில் இரண்டரை ஆண்டு. இந்தப் பூஞ்சணத்துக்கும் ஒரு சுற்று உண்டு, ஆனால் அது சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. காற்றில் வரும் வித்து ஈர இலையில் விழுந்து முளைக்கும். இலைக்கு அடியிலுள்ள நுண்துளை வழியே உள்ளே புகும். இரண்டு மூன்று வாரத்தில் புள்ளி தோன்றும். புள்ளியிலிருந்து மறுபடியும் பொடி, மறுபடியும் காற்று.

துருப் பூஞ்சணங்களுள் வீடு மாறுபவையும் உண்டு. கோதுமையின் துரு பார்பெரி என்ற வேறொரு செடியில் ஒரு பருவத்தைக் கழிக்கிறது என்று ஜெர்மானியரான டி பேரி 1865இல் காட்டினார். கோப்பித் துருவுக்கும் அப்படியொரு மறுவீடு இருக்கலாம் என்று தேடியவர்கள் பலர். இன்றுவரை அகப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாத இராகு கேதுவைக் கணக்கில் வைத்திருக்கும் நம் பஞ்சாங்கக்காரர் இதைக் கேட்டால் சிரிக்கமாட்டார்.

வானத்தைப் பார்த்தது நம்மவர் மட்டுமல்ல. 1876இல் தொடங்கிய பஞ்சத்தை நாம் 'தாது வருடப் பஞ்சம்' என்கிறோம். வியாழன் ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் சேரும் அந்த அறுபதாண்டுச் சக்கரத்தின் பெயர்தான் பஞ்சத்துக்கும் வாய்த்தது. அதே நேரத்தில் ஹண்டர் என்ற ஆங்கில அதிகாரி, சென்னையின் மழைக் கணக்கையும் சூரியப் புள்ளிகளின் பதினோராண்டுச் சுழற்சியையும் பொருத்தி 1877இல் நூலே வெளியிட்டார். இவரும் கிரகம் பார்த்தவர்தானே! அந்தப் பஞ்சத்துக்குத் தப்பியவர்களில் பலர் கடல் கடந்து இந்த மலைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்த இடத்தில் இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன.

உதிர்ந்தும் துரைமார் கைவிடவில்லை. உலகச் சந்தையில் விலை ஏறியிருந்தது. ஆகவே மேலும் காட்டை வெட்டி மேலும் கோப்பி நட்டார்கள். 1878இல் இரண்டே முக்கால் லட்சம் ஏக்கர். பொங்கு சனி என்று எண்ணிவிட்டார்கள் போலும்.

1880இல் மார்ஷல் வோர்ட் என்ற இளைஞர் ஆய்வுக்காக அனுப்பப்பட்டார். கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைச் செடிகளுக்கிடையே தொங்கவிட்டு, காற்றில் பறந்து வந்த வித்துகளைப் பிடித்தார். நீர்த்துளியில் வித்து முளைப்பதைக் கண்ணால் கண்டார். மருந்து கேட்ட துரைமாருக்கு அவரிடம் மருந்தில்லை. இடைவெளியில்லாமல் ஒரே பயிரை மலைமலையாக நட்டதுதான் பூஞ்சணத்துக்கு வழி திறந்துவிட்டது என்ற உண்மை மட்டுமே இருந்தது. அது யாருக்கும் பிடிக்கவில்லை. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. முதியவர் சொன்ன கப்பலில் ஏற முடியாதவர்கள் கூலிப் பாக்கியோடு லயங்களில் நின்றார்கள். நம் மூதாதையர் அவர்கள்தான். கோப்பியின் கதையைச் சொல்லும் புத்தகங்களில் இவர்களுக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம்.

பிறகு தேயிலை வந்தது. 1875இல் ஆயிரத்துச் சொச்சம் ஏக்கராக இருந்தது இருபது ஆண்டில் மூன்று லட்சத்தைத் தாண்டியது. 1946இல் தேயிலைக்கும் ஒரு பூஞ்சணம் வந்தது, கொப்புள நோய். முதியவரின் ஏழரைக் கணக்கை இதில் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். 1869இலிருந்து 77 ஆண்டு: சனிக்கு இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல், வியாழனுக்கு ஆறரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. எதற்கும் பொருந்தவில்லை.

கொப்புள நோய்க்கு இலை நெடுநேரம் நனைந்திருக்க வேண்டும். ஊவாவில் ஆடி ஆவணியில் வீசும் வறண்ட காற்றில் அது அடங்கிக் கிடக்கும். கார்த்திகை மார்கழி மழையில் தலைதூக்கும். சனி நாம் பார்த்தாலும் பாராவிட்டாலும் சுற்றும். இது இலை ஈரமாக இருந்தால் மட்டுமே சுற்றும். அந்த ஈரத்துக்கும் முளைப்புக்கும் இடையே செப்பு மருந்து தெளித்துத்தான் தேயிலையைக் காப்பாற்றினார்கள். வித்து உள்ளே புகுமுன் தடுக்கவேண்டும் என்பது வோர்ட் கண்டதிலிருந்து விளங்கும் செய்திதான். கோப்பிக்கு அது காலம் கடந்து வந்தது.

எங்கள் லயத்துக் கோடியில் வீட்டுத் தேவைக்கென்று நட்ட கோப்பிச் செடி ஒன்று நின்றது. சென்றமுறை ஊருக்குப் போனபோது ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். விரலில் மஞ்சள் பொடி ஒட்டியது.