வசூலாகாத வரியின் சுவர்

வால்டாக்ஸ் என்பவர் யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். எல்லிஸ், மன்றோ, ரிப்பன் வரிசையில் அவரும் ஒருவர். சென்னை சென்ட்ரலை ஒட்டி வடக்கே போகும் அந்தச் சாலையின் இன்றைய பெயர் வ.உ.சி. சாலை. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார். 'வால்டாக்ஸ் ரோடு' என்றால் உடனே வண்டியைக் கிளப்பிவிடுவார்.

நான் அங்கே போனது சுவர் ஓவியங்களைப் படமெடுக்க. 2010 வாக்கில், சுவரொட்டிகளுக்கு மாற்றாக மாநகராட்சி தன் சுவர்களில் ஓவியம் தீட்டத் தொடங்கியது. அவற்றில் எஞ்சியவை எப்படி உதிர்கின்றன என்று நகரம் முழுக்கப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு நாட்டியப் பெண்ணின் தோளில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்திருந்தது. உள்ளே ஒரு நீலப் பூச்சு, அதற்கடியில் '...டாதீர்' என்று பாதி எழுத்து, அதற்கும் அடியில் வெறும் சுண்ணாம்பு. 'ஒட்டாதீர்' என்பதன் வால் அது. அதட்டல் பலிக்காததால் நாட்டியப் பெண்ணை வரவழைத்திருக்கிறார்கள்.

அன்றைக்குக் கிடைத்த உண்மையான தடயம் ஓவியத்தில் இல்லை. பழைய இரும்புக் கடை ஒன்றின் கையெழுத்துப் பலகையில் முகவரி 'வால் டாக்ஸ் ரோடு' என்று இருந்தது. நடுவில் இடைவெளி. பலகையை எழுதியவர் தெரிந்தே விட்டாரா? அந்த இடத்தில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி எழுதியிருக்கவும் கூடும். ஆணியோ அறிவோ, எனக்கு உறைத்துவிட்டது. வால் என்றால் ஆங்கிலத்தில் சுவர், டாக்ஸ் என்றால் வரி. ஆள் இல்லை, சுவர்வரி. அப்படியானால் எந்தச் சுவர்? யார் கட்டிய வரி?

எச்.டி. லவ் 1913இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழைய சென்னை வரலாற்றைப் புரட்டினேன். கதையை 1746இலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டு பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். 1749இல் திருப்பிக் கொடுத்தார்கள். கோட்டையை ஒட்டி, இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் பகுதியில், பழைய கருப்பர் நகரம் இருந்தது. கோட்டை பீரங்கிகளின் குறியை மறைக்கிறது என்று அது தரைமட்டமாக்கப்பட்டது. வடக்கே புதிய கருப்பர் நகரம் எழுந்தது. அதுதான் இன்றைய ஜார்ஜ் டவுன். அதற்கு ஒழுங்கான அரண் இல்லை. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை அதற்குள் எளிதாகப் புகுந்து, அங்கிருந்தே கோட்டையை முற்றுகையிட்டது. பிறகு ஐதர் அலியின் குதிரைப்படை 1767இலும் 1769இலும் நகர எல்லை வரை வந்துபோயிற்று. அதற்கு மேல் சுவரைக் கிழக்கிந்தியக் கம்பெனியால் தள்ளிப்போட முடியவில்லை.

சுவர் கட்டும் ஒப்பந்தம் பால் பென்ஃபீல்டுக்குப் போயிற்று. ஆர்க்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்துக் கொழுத்து, பின்னாளில் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க்கின் வாயில் விழுந்த அதே பென்ஃபீல்டுதான். செலவை நகரவாசிகளிடமே வரியாக வாங்குவது என்று திட்டம். ஆனால் அப்படி வரி விதிக்கக் கம்பெனிக்கு அதிகாரம் உண்டா என்ற சட்டக் கேள்வி எழுந்து, வரி வசூலாகாமலே போனது. வாங்காத வரிக்கு ஒரு சாலை.

அடுத்து, சுவர் எங்கே ஓடியது? 1822இல் ரேவன்ஷா அளந்து வரைந்த நகர வரைபடத்தின் நகலோடு மறுபடி கிளம்பினேன். மேற்கிலும் வடக்கிலும் சுவர்க் கோடு; கிழக்கே கடல். சால்ட் கோட்டர்ஸ் சரக்கு நிலையத்தை நெருங்கும்போது, கிடங்குகளுக்குப் பின்னால் கரிபடிந்த செங்கல் சுவர் ஒன்று தென்பட்டது. நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்ததை ஒப்புக்கொள்கிறேன். இணைப்பில் சிமென்ட் இருந்தது. பிற்காலப் பழுதுபார்ப்பாக இருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உடைந்து கிடந்த ஒரு கல்லைப் புரட்டியதும் சமாதானம் போயிற்று. முகத்தில் அச்சுப் பள்ளம், அதில் சூளைக்காரரின் இரண்டெழுத்து முத்திரை. பழைய சென்னைச் செங்கல் மெல்லியது, தட்டையானது. இது தடித்த, பிற்காலத்து வார்ப்பு. சென்ட்ரல் நிலையமே 1873இல்தான் வந்தது. நான் தடவிப் பார்த்தது ரயில்வே காம்பவுண்டு.

வெறுங்கையோடு திரும்பவில்லை. 'கோட்டர்ஸ்' என்பதைக் குடியிருப்பு என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது கொட்டாரம், தானியமும் பண்டமும் சேர்த்துவைக்கும் கிடங்குக்கு நம் சொல். உப்புக் கொட்டாரம் ஆங்கிலேயர் வாயில் புகுந்து வேறு வேடத்தில் வெளியே வந்திருக்கிறது. பக்கத்திலேயே யானைக்கவுனி. கவுனி என்றால் கோட்டை வாசல்; தெலுங்கிலும் 'கவினி' என்று உண்டு. யானையும் இல்லை, வாசலும் இல்லை. ஆனால் வாசல் இருந்தால் சுவர் இருந்தாக வேண்டும். வரைபடத்தின் மேற்குக் கோடும் அங்கேதான் போகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் உறுத்தியது. தெற்கே ஏன் சுவர் இல்லை? பதில் பாரிமுனையில், டேர் ஹவுஸ் கட்டட மூலையில் நிற்கிறது. நூறு தடவை கடந்துபோயும் நான் நின்று பார்க்காத கல்தூண். 1773 ஜனவரி 1 என்று தேதியிட்டு நட்ட ஆறு எல்லைத் தூண்களில் எஞ்சியது இது ஒன்றுதான். தூணுக்கும் கோட்டைக்கும் நடுவே வீடு கட்டக் கூடாது. அந்த வெட்டவெளிக்கு எஸ்பிளனேடு என்று பெயர். தெற்கை பீரங்கிகளே பார்த்துக்கொண்டன.

மிச்சம் வடக்குக் கோடு. பழைய ஜெயில் ரோட்டை ஒட்டி, வரைபடம் காட்டிய இடத்தில் ஒரு பூங்கா இருந்தது. மத்தியத் தொல்லியல் துறைப் பட்டியலில் 'பழைய நகரச் சுவர்' என்று ஒரு பதிவு உண்டு. அது இங்கேதான் இருக்க வேண்டும். உள்ளே படியேறி ஒரு சுற்றுச் சுற்றினேன். மரங்கள், சிமென்ட் பெஞ்சுகள், சீட்டாடும் நால்வர். சுவரைக் காணோம். பெஞ்சில் இருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"சுவரா? தோ, தெருப் பக்கம் இருக்கு பாருங்க. போன மாசம்தான் வெள்ளையடிச்சாங்க."

"இந்தப் பூங்காவுக்குப் பேரு என்னங்க ஐயா?"

"மாடிப் பூங்கா."

"கீழே வீடு ஏதும் இல்லையே, ஏன் மாடி?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படியேறித்தானே தம்பி வந்தீங்க?"

இறங்கிப் போய்ப் பக்கவாட்டில் பார்த்தேன். பூச்சு விட்டிருந்த இடத்தில் செங்கல் தெரிந்தது. மெல்லியது, தட்டையானது, இணைப்பில் சுண்ணாம்பு. மேலே சீட்டாட்டம் தொடர்ந்துகொண்டிருந்தது.