வைராக்கேயின் ஏரிச்சேறு

நியூசிலாந்தின் வடதீவில், தௌப்போ ஏரிக்கு வடக்கே உள்ளது வைராக்கே. அங்கே சீறியெழும் வெந்நீர் ஊற்றுகளைக் காணப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பயணிகள் திரண்டனர். 1960களின் இறுதிக்குள் அவ்வூற்றுகள் அடங்கிப்போயின. காரணம் அறிய நாம் மண்ணுக்குள் இறங்கவேண்டும்.

அடியில், ஏறத்தாழ 3,50,000 ஆண்டுகளுக்கு முன் எரிமலை கக்கிய சாம்பலும் கல்லும் பாறையாய் இறுகிக் கிடக்கின்றன. அதன்மேல் வையோரா அடுக்கு: நுரைக்கல்லும் சாம்பலும் கலந்த, துளைகள் மிக்க பாறை. சுமார் 260 பாகை வெப்பமுள்ள நீர் இதில்தான் தேங்கியிருந்தது. அதற்கும் மேலே ஹூக்கா அருவியின் பெயரால் வழங்கும் அடுக்கு. பழைய ஏரியொன்றின் அடியில் படிந்த நுண்சேறு அது. நடுநடுவே நுரைக்கல் படுகைகளும் உண்டு. நீர் எளிதில் ஊடுருவாத அச்சேறே கீழுள்ள வெந்நீருக்கு மூடி. அதன்மேல், சுமார் 25,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஓருவானுய் வெடிப்பின் சாம்பல். எல்லாவற்றுக்கும் மேலே, கி.பி. 232 அளவில் தௌப்போ வெடித்தபோது கொட்டிய நுரைக்கல்.

மாவோரி மரபு வேறொரு வரலாறு சொல்கிறது. மலையுச்சியில் குளிரால் வாடிய ஙாத்தோரோயிரங்கி தம் உடன்பிறந்தாளரை அழைக்க, அவர்கள் ஹவாய்க்கியிலிருந்து நெருப்பைக் கொணர்ந்தனராம். வந்த வழியெல்லாம் நிலம் கொதித்ததாம். கடல்நடுவே உள்ள வெள்ளைத்தீவு முதல் தொங்காரிரோ வரை எரிமலைகளும் வெந்நீரும் ஒரே நெடுவரிசையில் அமைந்திருப்பதை நோக்குங்கால், இதை வெறுங்கதை என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. நிலத்தைக் கூர்ந்து பார்த்தவர்களின் கதை அது.

1940களின் பிற்பகுதியில் மின்பற்றாக்குறை நாட்டை வாட்டியது. 1950இல் துளையிடத் தொடங்கினர். கனநீர் ஆக்கும் எண்ணத்தோடு சேர்ந்த பிரித்தானியர் 1956இல் விலகிக்கொண்டனர். 1958 நவம்பரில் மின்சாரம் பாய்ந்தது. இத்தாலியின் லார்தெரெல்லோவில் கிட்டியது உலர்ந்த நீராவி. வெந்நீரோடு கலந்து வரும் நீராவியைப் பிரித்துப் பெருமளவில் மின்னாக்கியதில் வைராக்கேயே முன்னோடி. பெருமைக்குரிய செயல்தான், ஐயமில்லை.

ஆனால் எடுத்த நீரை மண்ணுக்குத் திருப்பித் தரவில்லை. வைக்காட்டோ ஆற்றில் விட்டனர். ஆழத்தில் அழுத்தம் ஏறத்தாழ 25 பார் குறைந்தது. ஊற்றுகளுக்கு மேலேறும் வலு போயிற்று. (அதே குறைவால் அருகிலுள்ள கரப்பிட்டியில் நீராவி பெருகியது விந்தை.) அக்குறைவு மெல்ல மேலேறி ஏரிச்சேற்றையும் எட்டியது. துளைகளில் நீர் இருந்தவரை மேற்சுமையைத் தாங்கிய மென்சேறு, நீர் வடிய வடிய நசுங்கியது. நிலம் தாழ்வது 1956இலேயே அளவையில் தெரிந்திருந்தது. நீரைத் திருப்பி உட்செலுத்தும் வழக்கம் நிலைபெறவோ 1990களின் பிற்பகுதி ஆயிற்று. இந்தத் தாமதத்தை மன்னிப்பது நமக்குக் கடினம். அதற்குள் ஓரிடத்தில் நிலம் 15 மீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டது. அப்பள்ளத்தின் வழியே ஓடிய வைராக்கே ஓடை, அங்கே குளமாய்த் தேங்கியது.