கேட்காமலே வந்த அட்டை

கடன்பற்று அட்டை வேண்டுமென்றால் இன்று சம்பளச் சீட்டைக் காட்ட வேண்டும். கேட்காமலே அட்டை வீடு தேடி வந்த காலமும் உண்டு, நேயர்களே! 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரவாசிகளுக்குச் சுமார் 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. விண்ணப்பமும் இல்லை, விசாரணையும் இல்லை. திட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது. 4 விழுக்காட்டுக் கணக்குகளில் பாக்கி விழும் என்று வங்கி கணித்திருந்தது. விழுந்ததோ 22 விழுக்காடு! திட்டத்தை உருவாக்கிய ஜோசப் வில்லியம்ஸ் 1959 இறுதியில் பதவி விலகினார். இத்தகைய அட்டைகளுக்கு அமெரிக்கா 1970-இல்தான் தடை விதித்தது. ரொம்பத் தாமதம்!

மலேசியாவில் 2011-இல் பேங்க் நெகாரா கடிவாளம் போட்டது. அட்டை பெற ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட். 36,000 ரிங்கிட் வரை சம்பாதிப்போருக்கு இரு நிறுவனங்களின் அட்டைகள் மட்டுமே; ஒவ்வொன்றிலும் மாதச் சம்பளத்தைப் போல் இரு மடங்குதான் உச்ச வரம்பு. தவணை தவறாமல் கட்டியவர் வரம்பை உயர்த்தக் கேட்டாலும், அந்தக் கணக்குதான் குறுக்கே நிற்கும்.