மேல்தளத்து வெயில்

தில்லியில் பிழைக்க வந்த தமிழர்களுள் ‘பர்சாத்தி’ என்னும் சொல்லை அறியாதார் மிகச் சிலரே. மொட்டை மாடியில் ஓர் அறை, அதை ஒட்டினாற்போல் ஒரு சிறு அடுக்களை, எஞ்சியதெல்லாம் திறந்த வெளி. மழைக்காலத்தை அனுபவிப்பதற்காக ஏற்பட்ட அறை என்று பெயரைக் கொண்டு பொருள் கூறுவார்கள். மழையோ இங்கு ஆண்டில் மூன்று மாதத்துக்கு மேல் இல்லை. வெயிலுக்கு அத்தகைய கணக்கு எதுவும் கிடையாது. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் மொழிபெயர்ப்பாளனாகத் தலைநகருக்கு வந்து சேர்ந்தபோது, என் சம்பளத்துக்குக் கிடைத்த இருப்பிடமும் அதுவே.

அங்கே நான் கற்ற முதற் பாடம், வெயில் மாலையோடு முடிவதில்லை என்பது. ஏழு மணிக்கு வெளியே காற்று சற்றே தணியும். அறைக்குள் அப்போதுதான் அனல் இறங்கத் தொடங்கும். பகலெல்லாம் கதிரவனை நேருக்கு நேர் ஏற்றுக்கொண்ட கான்கிரீட் தளம், தான் குடித்த வெப்பத்தை நள்ளிரவு வரையில் கீழே உமிழ்ந்துகொண்டிருக்கும். மின்விசிறியைச் சுழலவிட்டாலோ கூரையை ஒட்டி நின்ற சூடான காற்றைத் திரட்டி நம் தலையிலேயே கொட்டும். கோடையில், வீட்டின் எந்தச் சுவரைக் காட்டிலும் மேல்தளமே மிகுதியான வெயிலை வாங்குகிறது. ஆகையால் ஒரே கட்டடத்தில், ஒரே வாடகை கொடுக்கும் இரு குடும்பங்களில், கீழ்த்தளத்தார் ஒரு நாட்டிலும் மேல்தளத்தார் வேறொரு நாட்டிலும் வாழ்கின்றனர் எனலாம்.

2024ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் தில்லி மாநகரின் மின்சாரத் தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. அதற்கு முன் இந்நகரம் கண்டிராத அளவு அது. அந்த மின்சாரத்தில் பெரும் பங்கு வீடுகளையும் அலுவலகங்களையும் குளிரவைப்பதற்கே சென்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு நகரம் இத்துணை மின்சாரத்தைச் செலவிட்டுத் தன் கூரைகளோடு போராட நேர்ந்தது எவ்வாறு? இதற்கு விடை காண வீடு கட்டும் முறையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

மின்சாரம் வருமுன் வட இந்திய வீடுகள் வெயிலைத் தடுத்த முறைகள் பல. கனத்த சுவர், உயர்ந்த கூரை, தாழ்வாரம் ஆகியவற்றை நாம் அறிவோம். கோடையில் வாயிற்படியிலும் சன்னலிலும் ‘கஸ்’ தட்டிகளைத் தொங்கவிட்டு அவற்றின்மீது நீர் தெளிப்பார்கள். அவற்றினூடே புகும் வெப்பக் காற்று நீரை ஆவியாக்கித் தான் குளிர்ந்து, நறுமணத்தோடு உள்ளே வரும். இங்கே ‘கஸ்’ எனப்படுவது நம் ஊர் வெட்டிவேரேயாகும். ஆங்கிலமும் பிரெஞ்சும் இப்பொருளுக்கு நம் தமிழ்ச் சொல்லையே எடுத்துக்கொண்டன. தில்லிக்காரர்களுக்கு மட்டும் அது இன்றும் ‘கஸ்’தான்.

இவற்றையெல்லாம்விட என் வியப்புக்குரியது ‘மட் புஸ்கா’ என்னும் தள வேலை. பஞ்சாபிலும் தில்லியிலும் பரவலாக வழங்கியது இது. களிமண்ணில் வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டு, நீர் விட்டுப் புளிக்கவைத்து, மாடித் தளத்தின்மேல் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புவார்கள். அதன்மேல் மண்ணும் சாணமும் கலந்த பூச்சு. அதற்கும்மேல் தட்டையான செங்கல் ஓடுகள். நம் பக்கத்து ‘மெட்ராஸ் டெரஸ்’ இதற்கு உறவு என்று சொல்லலாம். அங்கே தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் இணைத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்து முடிப்பார்கள். தெற்கிலும் வடக்கிலும் கொத்தனார்கள் வெப்ப இயற்பியல் படித்தவர்கள் அல்லர். ஆயினும் மண்ணும் வைக்கோலும் சுண்ணாம்பும் வெப்பத்தை மெல்லவே கடத்தும் என்பதை அவர்கள் கை அறிந்திருந்தது.

பிறகு வந்தது பிரிவினை. 1941இல் 9 லட்சத்துச் சொச்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 1951இல் 17 லட்சத்தைத் தாண்டிற்று. அகதிகளுக்கும் புதிய அரசாங்கத்தின் ஊழியர்களுக்கும் விரைவாக வீடு வேண்டியிருந்தது. கட்டடங்கள் மாடிமேல் மாடியாக உயர்ந்தன, கூரைகள் தாழ்ந்தன, சுவர்கள் மெலிந்தன. சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கும் மேல் எடையுள்ள மண் தளத்தைச் சுமப்பதும், ஆண்டுதோறும் பேணுவதும் சுமையாகத் தோன்றின. அறிவியலாரின் குரல் அக்காலத்தில் ஒலிக்காமல் இல்லை. ரூர்க்கியில் 1947இல் தோன்றிய மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் நம் தட்பவெப்பத்துக்கேற்ற கூரையையும் சுவரையும் ஆராய்ந்து வந்தது. 1948 முதல் 1951 வரை மத்திய அரசின் வீட்டுவசதி இயக்குநராக இருந்த ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர், பின்னாளில் வெப்ப மண்டல வீடுகளைப் பற்றிய பாடநூலின் ஆசிரியர்களுள் ஒருவராக உலகப் புகழ் பெற்றார். சண்டிகரில் ஜான்னரே, பிரை, ட்ரூ ஆகியோர் அரசு ஊழியர்க்கு வகுத்த எளிய செங்கல் வீடுகளில் வெயில் மறைப்புகளையும் காற்றுப் பலகணிகளையும் இன்றும் காணலாம். ஆனால் மின்விசிறி மலிவாயிற்று; அதற்குப் பின் நீர்க்கூலர் வந்தது; அதற்கும் பின் ஏர்கண்டிஷனர் வந்தது. கட்டடம் செய்யத் தவறியதை இயந்திரம் செய்யும் என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது.

1973இல் எண்ணெய் விலை ஏறியபோது உலகமே எரிபொருள் சிக்கனம் பற்றிப் பேசத் தொடங்கிற்று. நம் நாட்டில் அதற்கென்று ஒரு முழுச் சட்டம் வர 2001ஆம் ஆண்டு ஆயிற்று. எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் என்ற அதன்கீழ், 2002 மார்ச் முதல் எரிசக்திச் சிக்கன அமைப்பு செயற்படலாயிற்று. அது முதலில் தொட்டது வீட்டையன்று; வீட்டுக்குள் செருகும் பொருள்களை. குளிர்பதனப் பெட்டிகளில் நட்சத்திரச் சீட்டு ஒட்டும் முறை 2006இல் விருப்பமாகத் தொடங்கி 2010இல் கட்டாயமாயிற்று. மின்விசிறிகளுக்கு 2023இலிருந்து அது கட்டாயம். பழைய விசிறி 75 வாட் தின்னும் இடத்தில் புதிய வகை 30 வாட்டுக்குள் அடங்குகிறது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் விநியோகமாயின. மொத்தமாக வாங்கியதால், 2014இல் ஏறக்குறைய 310 ரூபாயாக இருந்த ஒரு விளக்கின் கொள்முதல் விலை இரண்டே ஆண்டுகளில் 38 ரூபாய்க்கு இறங்கியது. இவையெல்லாம் பெரிய வெற்றிகளே. நான் குறைத்துச் சொல்லவில்லை. விளக்கு எரிந்து போனால் புதியது வாங்குகிறோம். விசிறியும் ஒரு நாள் நின்றுபோகும். ஆகவே சட்டம் கடையில் நின்றுகொண்டே தன் வேலையைச் செய்துகொள்ள முடிகிறது. கூரையை யாரும் கடையில் வாங்குவதில்லை.

கட்டடங்களுக்கான முதல் விதிமுறை 2007இல் வந்தது. அது வணிகக் கட்டடங்களுக்கு மட்டும். குடியிருப்புகளின் முறை 2018 டிசம்பர் 14ஆம் நாள், எரிசக்திப் பாதுகாப்பு தினத்தன்று வந்தது. பெயர் ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’. வேத சங்கிதைகளைக் கேள்விப்பட்டிருக்கும் நமக்கு, சாளரத்துக்கும் செங்கல்லுக்கும் ஒரு சங்கிதை என்பது சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆங்கில மூலத்தில் வீட்டின் சுவர், சாளரம், கூரை அனைத்தையும் சேர்த்துக் கடித உறைக்கு வழங்கும் சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள். நான் ‘போர்வை’ என்று எழுதிப் பார்த்தேன். ஜூன் மாதத்துத் தில்லியில் போர்வை என்ற சொல்லைக் காணவே மனம் ஒப்பவில்லை. ‘மேனி’ என்று மாற்றிக்கொண்டேன்.

இவ்விதிமுறையின் சாரம் எளிது. தளத்தின் மேற்புறத்துக்கும் உட்புறத்துக்கும் 1 டிகிரி வெப்ப வேறுபாடு இருக்கும்போது, ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் கடக்கும் வெப்பம் 1.2 வாட்டுக்கு மேற்படலாகாது. வெறும் கான்கிரீட் தளம் இதைப்போல் இரு மடங்குக்கும் அதிகமாகக் கடத்தும். குளிர்ப் பிரதேசங்கள் நீங்கலாக மற்ற இடங்களில், சுவரும் சாளரமும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம் சராசரியில் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்குள் இருத்தல் வேண்டும். திறக்கக்கூடிய சாளரங்களின் அளவும் தரைப் பரப்பை ஒட்டி வகுக்கப்பட்டிருக்கிறது. சென்னை போன்ற ஈர வெப்பப் பகுதிக்கு ஆறில் ஒரு பங்கு, தில்லிக்கு எட்டில் ஒரு பங்கு. கடற்காற்றை நம்பி வாழ்ந்தவர்களுக்கு இதன் நியாயம் உடனே விளங்கும்.

ஆனால் விதி யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று பாருங்கள். 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில், புதிதாக எழும் கட்டடங்களை. அதுவும் மாநில அரசுகள் ஏற்று அறிவித்தாலன்றி நடைமுறைக்கு வராது. 2022இல் மூலச் சட்டத்தையே திருத்திப் பெரிய குடியிருப்புகளையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தனர். 2023 ஜனவரி முதல் அது அமலில் உள்ளது. எஞ்சியிருப்பவை ஏற்கெனவே கட்டி முடிந்த வீடுகள். நம்மில் பெரும்பாலோர் குடியிருப்பது அவற்றிலேதான்.

பழைய வீடுகள் விஷயத்தில் நாம் பெரும்பாலும் கண்ட வழி இடிப்பதே. 2016இல் தில்லியின் ஏழு அரசுக் குடியிருப்புகளை, சரோஜினி நகரும் நேதாஜி நகரும் உட்பட, இடித்துக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 12,970 வீடுகள் நின்ற இடத்தில் சுமார் 25,667 வீடுகள். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக ஊழியம் செய்து கோலமிட்டு வாழ்ந்த வாசல்கள் அவற்றுள் உண்டு. 2018இல் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டப்போவது தெரிந்து மக்கள் திரண்டனர். ஜூன் மாதத்தில் உயர்நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்திவைத்தது. வீடு போதவில்லை என்பது உண்மையே. அந்த வேம்பும் நாவலும் இரண்டு மாடிக் கட்டடத்துக்கு அளித்த நிழலை எந்த விதிமுறையிலும் வாட்டுக் கணக்கில் எழுதவில்லை என்பதும் உண்மையே.

இடிக்காமல் செப்பனிடும் வழியைப் பெரிய அளவில் முயன்ற நகரங்களுள் அகமதாபாத் முன்னிற்கிறது. அதற்கு அந்நகரம் கொடுத்த விலை பெரிது. 2010 மே மாதத்து வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். 2013இல் அந்நகராட்சி வெப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. 2017இல் ஏழை மக்களின் கூரைகள் சுமார் 3,000க்கு வெள்ளைப் பூச்சுப் பூசும் பணி தொடங்கிற்று. வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. உள்ளே பொதுவாக 2 முதல் 4 டிகிரி வரை தணிகிறது. தெலங்கானா அரசு 2023இல் இதையே ஒரு கொள்கையாக்கி, 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட மனைகளின் புதிய வீடுகளுக்குக் குளிர்கூரையைக் கட்டாயமாக்கியது. சிறிய வீடுகளுக்கு அது விருப்பம்.

‘விருப்பம்’ என்ற இச்சொல்லில்தான் வாடகைக்காரனின் கதை அடங்கியிருக்கிறது. கூரை வீட்டுக்காரருடையது, வெப்பமும் மின்கட்டணமும் குடியிருப்பவனுடையவை. செலவு செய்யவேண்டியவருக்குப் பயன் இல்லை. பயன் பெறுகிறவனுக்கு உரிமை இல்லை. அடுக்குமாடிகளிலோ மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. ஆகவே கீழ்த்தளத்தார் மேல்தளத்தாருக்காகச் செலவிட இசைவது அரிது. அரசுக் குடியிருப்பில் இருப்பவர் மாற்றல் உத்தரவை எதிர்பார்த்திருப்பவர். வீட்டைச் செப்பனிட எத்தனை மானியம் அறிவித்தாலும் இந்த முடிச்சை அவிழ்க்காமல் அது கூரையைச் சென்றடையாது என்பது என் எண்ணம். வாடகைச் சட்டங்களை எழுதுவோரும் கட்டட விதிகளை எழுதுவோரும் ஒரே மேசையில் அமர்ந்தாலொழிய இதற்கு வழி பிறக்காது.

பர்சாத்தியில் என் மூன்றாவது கோடையில் வீட்டுக்காரரிடம் சென்று, தளத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்று கேட்டேன். “தாராளமாக அடித்துக்கொள்ளுங்கள், வாடகையில் கழிக்கமாட்டேன்” என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் கீழ்த்தளத்தில் இருந்தார். நானும் பக்கத்து மாடியிலிருந்த கும்பகோணத்து நண்பர் ஒருவரும் ஒரு ஞாயிறு காலையில் சுண்ணாம்பும் சிறிது பசையும் கரைத்து இரு தளங்களுக்கும் இரண்டு பூச்சு அடித்தோம். அன்றிரவு கூரையைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது, கை பொறுக்கும் சூடு. குளிர்காலத்தில் அதே வெண்மை சிறிது தண்டனையாகவும் இருந்தது. தில்லியின் ஜனவரியில் வருகிற கொஞ்சம் வெயிலையும் அது திருப்பி அனுப்பிவிட்டது. மழையில் பாதி கரைந்து, மீதியில் பாசி படிந்தது. மறு ஏப்ரலில் மீண்டும் அடிக்கவேண்டுமென்று சுண்ணாம்பு வாங்கி வைத்திருந்தேன். அதற்குள் வாடகை ஏறிற்று. நான் வேறு பேட்டைக்குக் குடிபோனேன். அந்தச் சுண்ணாம்பு மூட்டையை நண்பர் எடுத்துக்கொண்டார்.