விற்கப் போனால் விலை போகாத மோதிரம்

நிச்சயதார்த்தத்தை இப்போ நம்ம வீடுகளிலும் 'எங்கேஜ்மென்ட்' என்றுதான் சொல்கிறோம். இந்தச் சொல்லைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் உள்ளே ஒரு அடகுக்கடை இருக்கு. பழைய பிரெஞ்சு மொழியில் 'காஜ்' என்றால் ஈடாக வைக்கும் பொருள். 'எங்கேஜ்' என்றால் ஈடு வைப்பது. வீட்டுக்கடனைக் குறிக்கும் 'மார்ட்கேஜ்' என்ற சொல்லின் பின்பாதியும் இதே காஜ்தான். 'வெட்டிங்' கூட அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் 'வெட்' என்றால் பிணை. ஆக நிச்சயதார்த்தம், கல்யாணம் என்ற ரெண்டுக்குமே ஆங்கிலச் சொற்களின் வேரில் இருப்பது ஒரே விஷயம்: சொன்ன சொல்லுக்கு ஈடாக ஒரு பொருளைக் கையில் கொடுப்பது.

ஈடு என்றால் அதற்கு ஒரு இலக்கணம் உண்டு. சொன்னவர் சொல் தவறினால், அந்தப் பொருளை விற்று நஷ்டத்தைக் கொஞ்சமாவது சரிக்கட்ட முடியணும். விற்க முடியாத பொருளை எந்த வட்டிக்கடைக்காரரும் ஈடாக வாங்க மாட்டார். ஆனால் 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பெண்களின் விரலில் ஈடாகப் போடப்பட்ட பொருள், விற்கப் போனால் பாதி விலைக்குக் கூடப் போகாத வைர மோதிரம். இது எப்படி நடந்தது என்று கொஞ்ச நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். அதன் குறிப்புகள் இவை.

வெறும் தங்க வளையம்

முதலில் கல் இல்லாத மோதிரத்தைப் பார்த்துவிடலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் தொழிலாளர் குடும்பங்களில் அடகுக்கடைதான் வங்கி. திங்கட்கிழமை நல்ல துணிமணியை வைப்பார்கள், சனிக்கிழமை சம்பளம் வந்ததும் மீட்பார்கள். வேறு எதுவுமே இல்லை என்றால் கடைசியில் போவது மனைவியின் கல்யாண மோதிரம். அக்கம்பக்கத்தில் தெரியக்கூடாது என்பதற்காக, மீட்கும் வரை ஒரு பித்தளை வளையத்தைப் போட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. நம்ம ஊரில் தாலியில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு தங்கத்தை அடகுக்கு அனுப்பிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அந்த மோதிரம் ஈடாக வேலை செய்தது. காரணம் ரொம்ப எளிது. தங்கத்துக்கு எடை இருக்கு, மாற்று இருக்கு, அந்த மாற்றை உறுதி சொல்லும் ஹால்மார்க் முத்திரை இருக்கு. 22 காரட் என்றால் 24ல் 22 பங்கு தங்கம், 18 காரட் என்றால் 75 சதவீதம். 1919 செப்டம்பர் முதல் லண்டனில் தங்கத்துக்குத் தினமும் ஒரு விலை நிர்ணயிக்கப்பட்டது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே விலை தெரியும். கடைக்காரர் கொஞ்சம் அடித்துப் பிடிக்கலாமே தவிர, ஒரேயடியாக ஏமாற்ற முடியாது.

1935: வழக்கு போய் மோதிரம் வந்தது

இப்போ அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டு ஒருவன் கைவிட்டால், அந்தப் பெண் நீதிமன்றத்துக்குப் போய் நஷ்டஈடு கேட்க முடிந்தது. நிச்சயம் முறிந்த பெண்ணுக்கு அடுத்த வரன் கிடைப்பது கஷ்டம், அந்த நஷ்டத்துக்கு விலை உண்டு என்பதுதான் அந்த வழக்குகளின் அடிப்படை. ஆனால் பணக்கார ஆண்களை மிரட்டிக் காசு பறிக்கவும் இதே வழக்கு பயன்பட்டது. பத்திரிகைகளுக்கு நல்ல தீனி.

1935ல் இந்தியானா மாநிலம் இந்த வழக்குகளை ஒழித்தது. மசோதாவைக் கொண்டுவந்தவர் ராபர்ட்டா வெஸ்ட் நிக்கல்சன், அந்தச் சட்டமன்றத்தில் அப்போது இருந்த ஒரே பெண் உறுப்பினர். அதே வருடம் நியூயார்க்கும் ஒழித்தது. அடுத்த பத்து வருடத்துக்குள் இன்னும் பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

மார்கரெட் பிரினிக் என்ற சட்டப் பேராசிரியர் 1990ல் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் வைர மோதிரத்துக்கான கிராக்கி ஏறத் தொடங்கியது 1935ஐ ஒட்டித்தான் என்பது அவர் கவனித்தது. வைர வியாபாரிகளின் பெரிய விளம்பரங்கள் வருவதற்குச் சில வருடம் முன்பே அது ஆரம்பித்துவிட்டது. அவர் விளக்கம் இதுதான்: நீதிமன்றம் பார்த்துக்கொண்டிருந்த வேலையை மோதிரம் எடுத்துக்கொண்டது. வழக்குப் போட முடியாது, சரி, அப்போ முன்கூட்டியே விலையுயர்ந்த ஒன்றைக் கொடுத்துவிடு. விட்டுவிட்டுப் போனால் அது அவளோடு இருக்கட்டும்.

எனக்கு இந்த விளக்கம் பெரும்பாலும் சரியென்றே படுகிறது. 'எங்கேஜ்மென்ட்' என்ற சொல்லின் பழைய பொருள் நூற்றாண்டுகள் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கு. ஆனால் ஈடாக எடுத்துக்கொண்ட பொருளில்தான் சிக்கல்.

திரும்பி வரக்கூடாத சரக்கு

வைரம் ஒரு காலத்தில் உண்மையிலேயே அரிது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகத்துக்குப் பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது. பிறகு பிரேசில். 1860களின் கடைசியில் தென்னாப்பிரிக்காவில் கிடைக்க ஆரம்பித்ததும் கதை மாறியது. கிம்பர்லியில் வண்டி வண்டியாகத் தோண்டினார்கள். இப்படியே போனால் விலை தரைக்கு வந்துவிடும் என்று புரிந்துகொண்ட செசில் ரோட்ஸ் 1888ல் சுரங்கங்களை ஒன்றாக்கி டீ பியர்ஸ் கம்பெனியை அமைத்தார். எவ்வளவு கல் சந்தைக்குப் போகணும் என்பதை ஒரே கை தீர்மானிக்கும் ஏற்பாடு. 1930களின் பெருமந்தத்தில் கிராக்கி விழுந்தபோது சுரங்கங்களையே மூடினார்கள்.

1938ல் ஹாரி ஓப்பன்ஹைமர் நியூயார்க் போய் என்.டபிள்யூ. அயர் என்ற விளம்பர நிறுவனத்தைப் பார்த்தார். 1947ல் அங்கே வேலை பார்த்த பிரான்சிஸ் கெரட்டி, வைரம் என்றென்றைக்கும் நிலைக்கும் என்று பொருள்படும் அந்த நாலு வார்த்தை வாசகத்தை எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் சிறந்த விளம்பர வாசகம் என்று 1999ல் ஒரு விளம்பரத்துறைப் பத்திரிகை அதைத் தேர்ந்தெடுத்தது. எழுதியவர் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இந்த வாசகத்தைக் காதல் பற்றியது என்றுதான் எல்லோரும் படிக்கிறோம். எட்வர்ட் ஜே எப்ஸ்டைன் என்ற பத்திரிகையாளர் 1982 பிப்ரவரியில் 'தி அட்லாண்டிக்' இதழில் எழுதிய நீண்ட கட்டுரை அதை வியாபாரக் கண்ணால் படித்தது. பொதுமக்கள் கையில் இருக்கும் வைரம் 50 கோடி காரட்டுக்கு மேல், ஒரு வருட உற்பத்தியைப் போல 50 மடங்குக்கும் அதிகம் என்பது அவர் கணக்கு. சுரங்கத்தை டீ பியர்ஸ் மூடலாம். பெட்டகத்தைப் பூட்டலாம். ஆனால் பாட்டிமார்களின் நகைப்பெட்டியை யார் பூட்டுவது? அதில் ஒரு சின்னப் பங்கு விற்பனைக்கு வந்தாலும் விலை நிற்காது. என்றென்றைக்கும் என்று சொன்னதில் 'விற்காதே' என்பதும் சேர்த்தி.

விற்கப் போனவர்கள்

அந்தக் கட்டுரையில் வரும் ரெண்டு பரிசோதனைகள் மறக்க முடியாதவை.

பிரிட்டனின் 'மணி விச்' என்ற நுகர்வோர் பத்திரிகை 1970ல் லண்டனில் நல்ல பெயருள்ள வியாபாரியிடம் ரெண்டு வைரங்களை 400 பவுண்டுக்கு வாங்கி, உறையில் போட்டுப் பூட்டி வைத்தது. 1978ல் விற்கப் போனார்கள். பல கடைகள் காசு கொடுக்கவே மறுத்தன. கிடைத்த அதிகபட்சக் கேள்வி 500 பவுண்டு. நூறு பவுண்டு லாபம்தானே என்று தோணும். ஆனால் அந்த எட்டு வருடத்தில் பிரிட்டனில் விலைவாசி ஏறிய வேகத்தைக் கழித்தால், 1970ன் காசில் அது 167 பவுண்டுதான்.

1976ல் நெதர்லாந்து நுகர்வோர் சங்கம் ஒரு காரட்டுக்கு மேல் எடையுள்ள குறையில்லாத வைரம் ஒன்றை ஆம்ஸ்டர்டாமில் வாங்கி, எட்டு மாதம் கழித்து அதே ஊரில் 20 பெரிய வியாபாரிகளிடம் கொண்டுபோனது. 19 பேர் வேண்டாம் என்றார்கள். இருபதாவது ஆள் வாங்கிய விலையில் ஒரு சிறு பகுதியைத் தருவதாகச் சொன்னார்.

ஏன் இப்படி? கடைக்காரர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. வியாபாரம் நடக்கிற விதமே அப்படி. சில்லறைக் கடையில் ஒரு கல்லின் மேல் ஏற்றும் விலை கொள்முதலைப் போல ரெண்டு மடங்கு, மூன்று மடங்கு வரை போகும். பல கடைகளுக்கு மொத்த வியாபாரி கல்லைக் கடனாகவே கொடுத்து வைப்பார். விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். அப்படியிருக்க, வாசலில் வந்து நிற்கிற ஒருத்தரின் கல்லுக்குக் கைக்காசை எதற்கு முடக்கணும்? வாங்கினாலும் மொத்த விலைக்குக் கீழேதான் கேட்பார். அந்த விலையைச் சொன்னால், புதிதாக வாங்க வந்து பக்கத்தில் நிற்பவர் காதில் விழும். அதனால் சொல்லாமலே அனுப்பிவிடுவது நல்லது.

தங்கத்தைப் போல கல்லுக்கு ஒரே விலை கிடையாது என்பதும் பெரிய காரணம். காரட், நிறம், தெளிவு, வெட்டு என்ற நான்கையும் வைத்து அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. தன் தர முறையை 1950களில் கொண்டுவந்தது. 1978ல் மார்ட்டின் ராப்பபோர்ட் வியாபாரிகளுக்கான விலைப்பட்டியலை வெளியிட ஆரம்பித்தார். அது வியாபாரிகள் கையில் இருந்தது, மோதிரத்தைக் கழற்றிக் கொண்டுவந்த பெண்ணின் கையில் இல்லை.

1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸுக்கு 850 டாலரைத் தொட்டபோது ஜனங்கள் பழைய மோதிரங்களை விற்க வரிசையில் நின்றார்கள். பழைய தங்கம் வாங்குபவருக்கு வேண்டியது எடை. சின்னக் கற்களுக்குப் பெரும்பாலும் காசு கிடையாது. 'கல்லைக் கழிச்சிட்டுத்தான் எடை போடுவோம்' என்று நம்ம ஊர் நகைக்கடையில் கேட்கிற அதே வசனம்தான். பல வருடம் விரலில் மின்னிய கல் சும்மா நிற்க, அதைத் தாங்கிப் பிடித்திருந்த வளையம் மட்டும் விலை போனது.

யாருடைய மோதிரம்?

விற்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கு: அது உன்னுடையதா?

இங்கிலாந்தில் இதே வாக்குறுதி வழக்குகளை ஒழித்த 1970ஆம் ஆண்டுச் சட்டமே பதிலும் சொல்லிவிட்டது. நிச்சய மோதிரம் முழுமையான பரிசு என்றே எடுத்துக்கொள்ளப்படும். கல்யாணம் நடக்காவிட்டால் திருப்பித் தரணும் என்ற நிபந்தனை இருந்ததாகக் கொடுத்தவர் நிரூபித்தால்தான் திரும்பும்.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் எதிர்ப்பக்கம். மோதிரம் கல்யாணம் என்ற நிபந்தனையோடு வந்த பரிசு. கல்யாணம் நடக்கவில்லையா, திருப்பிக் கொடு. யார் தப்பு என்று பார்க்கத் தேவையில்லை என்று பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 1999ல் சொன்னது. 2024 நவம்பரில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றமும் 70,000 டாலர் மோதிரம் ஒன்றின் வழக்கில் தன் பழைய நிலையை விட்டு இதே முடிவுக்கு வந்தது. கல்யாணம் நடந்துவிட்டால் நிபந்தனை நிறைவேறியது, பொதுவாக மோதிரம் அவளுடையது.

பிரினிக் சொன்ன ஈட்டை இங்கே வைத்துப் பாருங்க. கைவிடப்பட்ட பெண் மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கணும். கல்யாணமாகிப் பிரிந்த பெண் வைத்துக்கொள்ளலாம், ஆனால் விற்றால் காசு வராது. வழக்கும் போச்சு, வழக்குக்குப் பதிலாக வந்ததும் போச்சு.

இப்போது

2000த்தில் டீ பியர்ஸே சந்தையைத் தாங்கிப் பிடிக்கும் பழைய வேலையைக் கைவிட்டது. அடுத்த அடி ஆய்வகத்திலிருந்து வந்தது. ஆய்வகத்தில் வளர்த்த கற்களை 2018ல் டீ பியர்ஸ் தானே 'லைட்பாக்ஸ்' என்ற பெயரில் காரட் 800 டாலருக்கு விற்கத் தொடங்கியது. 2024ல் விலை 500க்கு இறங்கியது, 2025ல் அந்தக் கடையையே மூடுவதாக அறிவித்தது. புதுக் கல்லே இப்படி இறங்கும்போது, பழைய மோதிரத்தை விற்க வருபவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

விற்க நினைப்பவர் யாராவது இதைப் படித்தால், வரலாற்றிலிருந்து மூணு விஷயம் உதவும். வளையத்தின் தங்கத்துக்குத் தனியாக எடை போட்டு அன்றைய விலையில் கணக்குப் பாருங்க. அதுதான் தரை, அதற்குக் கீழே போகாதீங்க. கல்லுக்குத் தரச்சான்று இருந்தால் கூடவே எடுத்துப் போங்க. காப்பீட்டுக்காக எழுதிக் கொடுத்த மதிப்பீட்டை விலையாக நினைக்காதீங்க, அது தொலைந்துபோனால் புதிதாக வாங்க ஆகும் செலவு.

விலை குறைவாகக் கேட்கும்போது பல பேர் அதைத் தங்கள் கல்யாணத்தின் மேல், தங்கள் மேல் விழுந்த தீர்ப்பு போல எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைக்க ஒரு காரணமும் இல்லை. சந்தோஷமாக 50 வருடம் வாழ்ந்த தம்பதியின் மோதிரத்துக்கும் அதே கடையில் அதே விலைதான் சொல்வார்கள்.